தொடர் எண் இல்லாத பழைய .22 ரைபிளின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் குடும்பத்துக்குள் கைமாறி வந்த ஒரு .22 போல்ட் ரைபிள் (.22 என்பது குழலின் அளவு, அங்குலத்தில்; போல்ட் என்பது கையால் முன்பின் நகர்த்தித் தோட்டா அறையை மூடும் எஃகு உருளை). ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் வகை. குழலின் மேல் ‘ஸ்பிரிங்ஃபீல்ட் மாடல் 15’ என்றும், பக்கத்தில் ‘ஜே. ஸ்டீவன்ஸ் ஆர்ம்ஸ் கம்பெனி, சிக்கோப்பி ஃபால்ஸ், மாசச்சூசெட்ஸ்’ என்றும் இருக்கிறது. தொடர் எண் எங்கும் இல்லை. எந்த வருடத்தது? ஸ்பிரிங்ஃபீல்ட் என்றால் ராணுவத்துக்குச் செய்ததா? எண்ணை யாராவது அழித்திருப்பார்களா? இப்போது சுடலாமா?

முதலில் நேரடியான விடை. இது 1930-களின் நடுவிலிருந்து 1940-களின் இறுதிக்குள் செய்யப்பட்டது. ராணுவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் இருந்த அரசு ஆயுதச் சாலை வேறு. அந்தப் பெயரைத் தன் மலிவு வரிசைக்கு வைத்துக்கொண்ட ஸ்டீவன்ஸ் நிறுவனம் வேறு. ‘ஸ்பிரிங்ஃபீல்ட்’ என்று பார்த்ததுமே விலையை ஏற்றிச் சொல்பவர்கள் இன்றும் உண்டு, நம்ப வேண்டாம். எண் இல்லாததும் இந்த வகைக்கு இயல்பானதே. ஆனால் இந்த விடைக்கு எப்படி வந்து சேர்வது என்பதுதான் முக்கியம், ஏனென்றால் அடுத்த ரைபிளில் வேறு பெயர் இருக்கும்.

எண் ஏன் இல்லை? அமெரிக்காவில் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் தொடர் எண் கட்டாயம் என்று ஆனது 1968-ம் வருட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால்தான். அந்த வருடம் அக்டோபர் 22 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார், டிசம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், சிறுவர்கள் முயலும் தகர டப்பாவும் சுடுவதற்காக விற்ற .22 ரைபிளில் எண் குத்துவது நிறுவனங்களுக்கு வீண் செலவு. வின்செஸ்டர் கூட 1934 முதல் 1963 வரை செய்த மாடல் 67-ஐ உள்நாட்டில் எண் இல்லாமலேயே விற்றது. எண் இல்லை என்பதால் தொழிற்சாலைப் பதிவேடும் இல்லை. வயோமிங் மாநிலம் கோடி நகரத்து அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. ஆனால் அவை எண்ணை வைத்துத் தேடுபவை, மாடல் 67 வைத்திருப்பவர் அங்கே எழுதிக் கேட்டுப் பயனில்லை.

ஆகவே பிறந்த தேதியைத் தேடாதீர்கள். இரண்டு எல்லைகளைத் தேடுங்கள்: இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது என்ற வருடம் ஒன்று, இதற்குப் பின்னால் செய்திருக்க முடியாது என்ற வருடம் ஒன்று. ஒவ்வொரு அடையாளமும் இந்த இரண்டில் ஒன்றை நெருக்கும். ஐந்தாறு அடையாளங்கள் சேர்ந்தால் இடைவெளி பத்து வருடத்துக்குள் வந்துவிடும். சில நிறுவனங்களில் மாதம் வரை கூடக் கிடைக்கும்.

வேலையைத் தொடங்குமுன் போல்ட்டைத் திறந்து தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரல் நுனியாலும் உறுதிசெய்யுங்கள். பிறகு போல்ட்டையே கழற்றி வைத்துவிடுங்கள். இந்த வகை ரைபிள் பெரும்பாலானவற்றில் ட்ரிகரை அழுத்தியபடி போல்ட்டைப் பின்னால் இழுத்தால் வெளியே வந்துவிடும்.

அடுத்து, எழுத்துகளைப் படிப்பது. எண்பது வருட அழுக்குக்கும் துருவுக்கும் அடியில் அவை மங்கியிருக்கும். மெல்லிய துப்பாக்கி எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள், துரு நீக்கும் அமிலம் எதுவும் வேண்டாம். எழுத்தோடு சேர்த்து மிச்சமிருக்கும் நீலப் பூச்சும் போய்விடும், விலையும் போய்விடும். படிக்கும்போது விளக்கை நேராகப் பிடிக்காமல் குழலோடு படுத்த கோணத்தில் பிடியுங்கள், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் வெள்ளைச் சாக்கட்டியைத் தேய்த்து மேலே துடைத்தெடுத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கும்.

மேலே தெரிவது மட்டும் போதாது. ரைபிளைத் தாங்கும் மரக்கட்டையின் அடியில், ட்ரிகருக்கு முன்னால் ஒரு பெரிய திருகு இருக்கும். பல மாடல்களில் அது ஒன்றைக் கழற்றினாலே குழலும் ரிசீவரும் (குழலின் பின்னால் போல்ட் ஓடும் எஃகுக் கூடு) கட்டையிலிருந்து தனியாக வந்துவிடும். திருகுப் பள்ளத்தை முழுதும் நிரப்பும் அகலமுள்ள திருப்புளி தேவை. சிறியதைப் போட்டுத் திருகினால் பள்ளம் சிதைந்துவிடும். குழலின் அடிப்பக்கம், ரிசீவரின் அடிப்பக்கம், கட்டையின் உள்பள்ளம், பின்முனைத் தகட்டுக்குக் கீழே உள்ள மரம் ஆகிய எல்லாவற்றையும் பாருங்கள். கிடைக்கும் எழுத்து, எண், வட்டம், கிரீடம் எதையும் விடாமல் படமெடுத்துக்கொள்ளுங்கள். கிரீடம், கழுகு போன்ற முத்திரைகள் கண்டால் அது ஐரோப்பியத் துப்பாக்கி. அங்கே அரசு சோதனைச் சாலைகள் முத்திரை குத்தும், அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. அந்த வழி வேறு, இங்கே அமெரிக்கத் தயாரிப்போடு நிற்கிறேன்.

முதல் அடையாளம் நிறுவனத்தின் பெயரும் ஊரும். இதை மக்கள் சரியாக வாசிப்பதே இல்லை. ஸ்டீவன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஜே. ஸ்டீவன்ஸ் ஆர்ம்ஸ் அண்ட் டூல் கம்பெனி’ என்று ‘டூல்’ இருந்தால் அது 1886-லிருந்து சுமார் 1916 வரை. ‘டூல்’ விழுந்துபோய் ‘ஜே. ஸ்டீவன்ஸ் ஆர்ம்ஸ் கம்பெனி’ என்றால் அதற்குப் பிந்தியது. 1920-ல் சாவேஜ் நிறுவனம் ஸ்டீவன்ஸை வாங்கிவிட்டது, ஆனாலும் குழலில் ஸ்டீவன்ஸ் பெயரே நெடுநாள் தொடர்ந்தது. ‘சாவேஜ் ஆர்ம்ஸ் கார்ப்பரேஷன், சிக்கோப்பி ஃபால்ஸ்’ என்று இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது, ஏனென்றால் சாவேஜ் நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவிலிருந்து அங்கே குடிபெயர்ந்ததே போர் முடிந்த பிறகு. ‘வெஸ்ட்ஃபீல்ட்’ என்று இருந்தால் சுமார் 1960-க்குப் பிந்தியது. ஒரு ஊர்ப்பெயர் ஒரு தலைமுறையையே ஒதுக்கித் தள்ளிவிடும்.

மற்றவர்களும் இப்படித்தான். மார்லின் 1969-ல் நியூ ஹேவனிலிருந்து நார்த் ஹேவனுக்குப் போனது. மாஸ்பெர்க் 1960-களின் தொடக்கத்தில் அதே பாதையில் போனது. ரெமிங்டன் குழலில் ‘யூஎம்சி’ என்ற எழுத்துகள் கம்பெனிப் பெயரோடு சேர்ந்திருந்தால் 1912-ல் அந்தத் தோட்டா நிறுவனத்தோடு இணைந்த பிறகான சில வருடங்கள்.

இரண்டாவது அடையாளம் காப்புரிமை. இங்கேதான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஸ்டீவன்ஸ் ஃபேவரிட் ரைபிள்களில் ஏப்ரல் 17, 94 என்று காப்புரிமைத் தேதி இருக்கும். அதைப் பார்த்து ‘1894-ல் செய்தது’ என்று விளம்பரம் போடுகிறார்கள். அது அந்த இயக்கமுறைக்கு உரிமை கிடைத்த நாள். அதே தேதியைப் பல வருடங்கள் குத்திக்கொண்டே இருந்தார்கள். காப்புரிமைத் தேதி கீழ் எல்லையை மட்டுமே சொல்லும், மேல் எல்லையைச் சொல்லாது. தேதிக்குப் பதிலாகக் காப்புரிமை எண் இருந்தால் இந்த மூன்றை நினைவில் வையுங்கள்: பத்து லட்சமாவது அமெரிக்கக் காப்புரிமை 1911-லும், இருபது லட்சமாவது 1935-லும், முப்பது லட்சமாவது 1961-லும் வழங்கப்பட்டன. குழலில் 22 லட்சத்தைத் தாண்டிய எண் இருந்தால் அது 1940-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை.

மூன்றாவது, தொழிற்சாலை ரகசியமாக வைத்த தேதிக் குறிகள். இது கிடைத்தால் அதிர்ஷ்டம். ரெமிங்டன்தான் இதில் வள்ளல். 1921-லிருந்து குழலின் இடப்பக்கம், ரிசீவரை ஒட்டி, சின்னஞ்சிறு எழுத்துகள் இரண்டோ மூன்றோ குத்தியிருக்கும். முதல் எழுத்து மாதம். மாதங்களுக்கு ‘பிளாக்’, ‘பவுடர்’, கடைசியில் ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்துகளை வரிசையாகப் பயன்படுத்தினார்கள்: ‘பிளாக்’ என்பதன் ஐந்து எழுத்துகள் ஜனவரி முதல் மே வரை, ‘பவுடர்’ என்பதன் ஆறெழுத்துகள் ஜூன் முதல் நவம்பர் வரை, ‘எக்ஸ்’ டிசம்பர். அடுத்த எழுத்து வருடம்: 1921-க்கு ‘எம்’, 1931-க்கு ‘ஏ’, அங்கிருந்து ‘ஐ’ எழுத்தை மட்டும் தாண்டி 1941-க்கு ‘எல்’. 1942 முதல் 1952 வரை ‘எம்எம்’, ‘என்என்’ என இரட்டை எழுத்துகள். 1953-ல் மறுபடி ‘ஏ’.

ஒரே எழுத்து இரண்டு வருடங்களுக்கு வருவதால் மாடலின் ஆயுட்காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உதாரணமாக, ரெமிங்டன் 510 ரைபிளில் ‘சி எச்’ என்று இருக்கிறது. ‘சி’ என்றால் ஏப்ரல். ‘எச்’ என்றால் 1938 அல்லது 1960. மாடல் 510 வெளிவந்ததே 1939-ல், நின்றது 1963-ல். ஆக, 1960 ஏப்ரல். இது குழலின் தேதி என்பதை மறக்காதீர்கள்; குழலை மாற்றியிருந்தால் கட்டையும் ரிசீவரும் வேறு வயதில் இருக்கும்.

சாவேஜும் ஸ்டீவன்ஸும் 1949 முதல் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் ஒரு எண்ணும் ஒரு எழுத்தும் குத்தத் தொடங்கின. ரிசீவரின் முன்பகுதியில், குழல் சேரும் இடத்தருகே தேடுங்கள். எண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டாம், எழுத்துதான் வருடம். ‘ஏ’ 1949, ‘என்’ 1962. ‘ஓ’வும் ‘க்யூ’வும் சுழியத்தோடு குழம்பும் என்பதாலோ என்னவோ கிடையாது, அதனால் 1964-க்கு ‘ஆர்’, 1968-க்கு ‘வி’. கேள்வியில் உள்ள ரைபிளில் இந்த நீள்வட்டம் இல்லாவிட்டால் அதுவே ஒரு சான்று: 1949-க்கு முந்தியது என்பதோடு ஒத்துப்போகிறது. ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற பெயரையும் அதே சமயத்தில்தான் கைவிட்டார்கள்.

மார்லினில் எண் இருந்தால் கணக்கு எளிது. 1969 முதல் 1972 வரை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அப்படியே வருடம். 1973 முதல் அதை நூறிலிருந்து கழிக்க வேண்டும்: 27 என்று தொடங்கினால் 1973, 20 என்றால் 1980. அந்த இலக்கங்கள் 00 வரை இறங்கியதும் சுற்று மறுபடி வரும், 99 என்றால் 2001. குழலில் ‘மைக்ரோ-க்ரூவ்’ என்று இருந்தால் 1953-க்கு முந்தியதல்ல. அந்த வருடம்தான் ஆழமற்ற பல பள்ளங்கள் கொண்ட அந்த வெட்டு முறையை மார்லின் கொண்டுவந்தது. வின்செஸ்டரில் நிறுவனப் பெயரின் முதலெழுத்தும் ‘புரூஃப்’ என்பதன் முதலெழுத்தும் ஒரு நீள்வட்டத்துக்குள் மேலும் கீழுமாக இருக்கும். அது 1905-ல் தொடங்கிய சோதனை முத்திரை. குழலிலும் ரிசீவரிலும் இரண்டு இடத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

குழலில் ஒரு கடையின் பெயர் மட்டும் இருந்தால்? அதில் மிரளத் தேவையில்லை. பெரிய கடைகள் பெரும்பாலும் தாங்களே துப்பாக்கி செய்யவில்லை, செய்ய வைத்துத் தங்கள் பெயரைக் குத்தினார்கள். சியர்ஸ் 1930-களில் ‘ரேஞ்சர்’, போருக்குப் பின் 1960-களின் தொடக்கம் வரை ‘ஜே.சி. ஹிக்கின்ஸ்’, அதன்பின் பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸின் பெயர். மான்ட்கோமரி வார்டு ‘வெஸ்டர்ன் ஃபீல்ட்’, வெஸ்டர்ன் ஆட்டோ ‘ரெவலேஷன்’, ஜே.சி. பென்னி ‘ஃபோர்மோஸ்ட்’, கேம்பிள் ‘ஹயவாத்தா’. சியர்ஸ் துப்பாக்கியில் புள்ளி வைத்த மாடல் எண் இருக்கும். புள்ளிக்கு முன்னால் உள்ள மூன்று இலக்கம் செய்தவரைக் காட்டிக்கொடுக்கும். 103 என்றால் மார்லின், 101 என்றால் சாவேஜ்-ஸ்டீவன்ஸ், 583 என்றால் ஹை ஸ்டாண்டர்ட், 273 என்றால் வின்செஸ்டர். வெஸ்டர்ன் ஃபீல்டில் பெரும்பங்கு மாஸ்பெர்க் செய்தது. உதிரிபாகம் விற்கும் நியூம்ரிச் நிறுவனம் கடைப்பெயரையும் அசல் மாடலையும் ஒப்பிடும் பட்டியலை வைத்திருக்கிறது, உதிரிபாகம் தேடும்போது அதுவே துணை. ரெவலேஷன் 120 என்று தேடி உதிரிபாகம் கிடைக்காமல் அலைய வேண்டாம், அது மார்லின் 60.

கடைப்பெயர் வந்தால் வருடத்தை நெருக்க அந்தக் கடைகளின் பழைய அஞ்சல் விற்பனைப் பட்டியல்கள் நல்ல கருவி. மாடல் எண் எந்த வருடப் பட்டியலில் முதலில் தோன்றி எந்த வருடத்தில் மறைகிறது என்று பார்த்தால் இரண்டு எல்லையும் ஒருசேரக் கிடைக்கும்.

உடல் அமைப்பும் பேசும், ஆனால் அதைச் சாட்சியாக மட்டும் வையுங்கள், தீர்ப்பாக வைக்காதீர்கள். ரிசீவரின் மேல் தொலைநோக்கி மாட்ட இரண்டு நீளப் பள்ளங்கள் தொழிற்சாலையிலேயே வெட்டியிருந்தால் அநேகமாக 1950-களின் நடுவுக்குப் பிந்தியது. பள்ளம் இல்லாமல் பக்கத்தில் துளைகள் இருந்தால் பெரும்பாலும் யாரோ வீட்டில் போட்டவை, மதிப்பைக் குறைப்பவை. கட்டையில் கூட்டல் குறித் தலைத் திருகு இருந்தால் பிற்காலம் அல்லது மாற்றியது. குழலில் ‘.25 ஸ்டீவன்ஸ்’, ‘.32 ரிம்ஃபயர்’ என்ற அளவுகள் இருந்தால் அநேகமாகப் போருக்கு முந்தியது, அந்தத் தோட்டாக்கள் அப்போதே அருகத் தொடங்கிவிட்டன. 1942 தொடக்கத்தில் அரசு விளையாட்டுத் துப்பாக்கி உற்பத்தியை நிறுத்திவைத்தது, அதனால் போர் முடியும் வரையான வருடங்களை உங்கள் இடைவெளியிலிருந்து கழித்துவிடலாம். கேள்வியில் உள்ள மாடல் 15-க்கு இது பொருந்தும்: 1930-களின் நடுவிலிருந்து 1942 வரை ஒரு துண்டு, 1945 முடிவிலிருந்து 1948 வரை இன்னொரு துண்டு.

குழலின் உட்புறம் அரித்துப்போயிருந்தால் அதுவும் கொஞ்சம் கதை சொல்லும். 1920-களின் பிற்பகுதியில் ரெமிங்டன் ‘க்ளீன்போர்’ என்று அரிக்காத பற்றவைப்பு மருந்தோடு (பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர்) தோட்டா விற்கத் தொடங்கும் வரை, பழைய பற்றவைப்பு மருந்து விட்டுச்சென்ற உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து ஒரு வாரத்தில் குழலைக் கெடுத்துவிடும். .22 தோட்டாவில் பவுடர் கொஞ்சம், பற்றவைப்பு மருந்து விகிதத்தில் அதிகம், அதனால் சேதமும் அதிகம். ஆனால் 1940-களின் ரைபிளும் கவனிப்பில்லாமல் இருந்தால் அரிக்கும், ஆகவே இது துணைக் குறிப்புதான்.

நீளத்தை அளப்பது தனியாகச் சொல்ல வேண்டிய வேலை. போல்ட்டை மாட்டி மூடி, குழலின் முன்முனையிலிருந்து சுத்தம் செய்யும் கம்பியை விட்டு, போல்ட்டின் முகத்தில் முட்டியதும் முனையோடு குறி வைத்து, வெளியே எடுத்து அளக்கவும். வின்செஸ்டர் 67-ன் வழக்கமான குழல் 27 அங்குலம், சிறுவர் ரைபிள் 20 அங்குலம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு நீளம் வந்து, முனை வெட்டு கரடுமுரடாக, முன் குறிமுள் முனைக்கு மிக அருகில் இருந்தால் யாரோ அறுத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. குறைந்தால் பதிவு செய்யாமல் வைத்திருப்பதே குற்றம். பழைய மலிவு ரைபிள்களில் இந்தச் சங்கடம் நிஜமாகவே வரும்.

எண் அழிக்கப்பட்டதா என்ற கேள்விக்கு வருவோம். எண் பிறந்ததிலிருந்தே இல்லாத ரைபிளை வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டத்தில் தடையில்லை, புதிதாக எண் குத்தவும் தேவையில்லை. எண் இருந்து அழித்திருந்தால் வைத்திருப்பதே குற்றம். வேறுபாட்டைக் கண்டறிய, ரிசீவரின் மேற்பரப்பில் நேரான எஃகு அளவுகோலைச் சாய்த்து வைத்து விளக்கில் பாருங்கள். தேய்த்த இடத்தில் பள்ளம் தெரியும், வெளிச்சம் ஒரு சிற்றலைபோல் வளையும். சுற்றிலும் பழைய நீலம், அந்த இடத்தில் மட்டும் புதுப் பூச்சு என்றாலும் சந்தேகிக்க வேண்டும். மாடல் 1968-க்குப் பிறகும் தொடர்ந்தது, எண் மட்டும் இல்லை என்றால் இன்னும் கவனம் தேவை. 1898 வரை செய்தவை கூட்டரசுச் சட்டத்தில் ‘பழங்காலப் பொருள்’ என்று தனி வகுப்பு. ஃபேவரிட் வைத்திருப்பவர்கள் ஆசைப்படும் வகுப்பு இது, ஆனால் அதற்குக் காப்புரிமைத் தேதி போதாது, செய்த தேதிக்குச் சான்று வேண்டும்.

சுடுவதைப் பற்றி. அரிதாகக் கிடைக்கும் ஹாமில்டன் ரைபிள்களை, மிச்சிகன் மாநிலம் பிளிமத்தில் செய்து, பொருள் விற்றுத் தரும் சிறுவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தவற்றை, சுவரில் மாட்டி வையுங்கள். பலவற்றில் பித்தளைக் குழாய் ஒன்றை மெல்லிய இரும்புத் தகட்டால் சுற்றிய குழல், சுடுவதற்கல்ல. மற்றவற்றில் 1930-க்கு முந்தியவற்றுக்கு வேகம் குறைந்த தோட்டாவே பொருந்தும். அந்த வருடம்தான் ரெமிங்டன் அதிவேக .22 தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது, அதற்கு முன் செய்த போல்ட்டுகள் அதை எதிர்பார்க்கவில்லை.

சுடுமுன் நாலு சோதனை. ஒன்று, தோட்டா அறையின் வாய் விளிம்பைப் பாருங்கள். வெறும் அறையில் அடித்துப் பழகிய ரைபிளில் சுடுமுள் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் முள்) விளிம்பில் சிறு பள்ளம் குத்தியிருக்கும், வெற்றுக்கூடு அதில் மாட்டிக்கொண்டு வெளிவராது. இரண்டு, அறைக்குள்ளேயே முன்பகுதியில் வளையமாக அரிப்பு இருந்தால் நெடுநாள் நீளம் குறைந்த ‘ஷார்ட்’ தோட்டா போட்டுச் சுட்டிருக்கிறார்கள், நீளமான ‘லாங் ரைபிள்’ தோட்டா அங்கே வீங்கி இறுகும். மூன்று, காலியான கூடு ஒன்றை அறையில் வைத்து, சுடுமுள்ளைப் பின்னிழுத்து நிறுத்தி, பின்கட்டையை ரப்பர் விரிப்பின் மேல் தட்டுங்கள். தானாக விடுபட்டால் உள்ளே கொக்கி தேய்ந்துவிட்டது, சரிசெய்யும் வரை தோட்டா போடக் கூடாது. நான்கு, போல்ட்டுக்கும் அறைக்கும் நடுவே உள்ள இடைவெளி. .22 தோட்டாவின் விளிம்புத் தடிப்பு சுமார் 1 மில்லிமீட்டர்தான். கைப்பிடி தேய்ந்து போல்ட் பின்னால் நகர்ந்தால் அந்த விளிம்பு தாங்காமல் பிளந்து, வாயு முகத்தை நோக்கி வரும். இதை அளவுக்கட்டையால் துப்பாக்கிப் பழுது பார்ப்பவர் நிமிடத்தில் அளந்துவிடுவார். அவர் சரி என்ற பிறகும் முதல் பத்து கூடுகளையும் எடுத்துப் பாருங்கள், அடிப்பகுதி புடைத்திருந்தாலோ பிளந்திருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மாடல் 15-ல் இன்னொன்று: போல்ட்டை மூடினால் மட்டும் சுடத் தயாராகாது, பின்னால் உள்ள குமிழைத் தனியாக இழுக்க வேண்டும். அதை இழுக்கும்போது கட்டைவிரல் வழுக்கினால் தோட்டா வெடித்துவிடும், ஆகவே எண்ணெய்க் கையோடு இழுக்காதீர்கள், குழல் எப்போதும் பாதுகாப்பான திசையில் இருக்கட்டும்.